ஐப்பசி ஆற்றில் கொடுவா சிக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் முறை

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலத்தடியில் நிற்க இடம் கிடைக்காது. ஒரு மாதமாக மீன் வாசமே இல்லாத வீடுகளிலிருந்து தூண்டிலும் வாளியுமாகக் கிளம்பி வந்தவர்கள் விடியும் முன்பே கரையைப் பிடித்திருப்பார்கள். வெயில் ஏறியதும் அவர்களில் பெரும்பாலோர் வெறும் வாளியோடு திரும்புவார்கள். கேட்டால், இரை சரியில்லை என்பார்கள். அடுத்த வாரம் வேறு இரை வரும். வாளி அப்படியே இருக்கும்.

மேலை நாட்டு ஓடைகளில் இலையுதிர் காலம் பெர்ச் மீனுக்கு உரியது. நீர் குளிரக் குளிர, பொடிமீன்கள் ஆழத்துக்கு இறங்கும். அவற்றின் பின்னாலேயே பெர்ச் கூட்டமும் இறங்கும். நம் பக்கத்தில் அந்த இடம் கொடுவாவுக்கு. ஆனால் இங்கே மீனை நகர்த்துவது குளிர் அல்ல, மழைநீர். கோடையில் மணல் மேடிட்டு அடைபட்ட முகத்துவாரங்கள் ஐப்பசி வெள்ளத்தில் திறந்துகொள்கின்றன. ஏரி, வயல், வாய்க்கால் எல்லாவற்றிலிருந்தும் பொடிமீனும் இறாலும் ஆற்றுக்கு அடித்து வரப்படுகின்றன. கொடுவா உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் பதுங்கி, வாய்க்கு நேரே வருவதை உறிஞ்சித் தின்னும் மீன். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இரையைச் சந்தேகிப்பது கடைசி வேலை. உங்கள் முன்னால் ஓடும் ஆற்றில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கீழே உள்ளவற்றில் பாதி அதைச் சுற்றியே வருகிறது.

ஆறு தேநீர் நிறத்தில் ஓடுகிறது, ஒரு கடிகூட இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. நானும் சில ஆண்டுகள் இதில் வீணடித்திருக்கிறேன்.

முதலில் கையை ஆற்றில் நனைத்துக் காயவிடுங்கள். உப்பு இருந்தால் காய்ந்தபின் விரல்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டும். தோலில் ஒரு பிசுபிசுப்பு நிற்கும். நன்னீராக இருந்தால் கை சாதாரணமாகக் காய்ந்துவிடும். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், மழைக்காலத்து ஆற்றில் ஊரின் சாக்கடை முழுவதும் இருக்கிறது.

கையில் உப்பு தெரியவில்லை என்றால் ஆற்றில் உப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தாழங்குடாப் பக்கம், தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கார்த்திகை மாதக் காலையில் நான் மிதப்பு கட்டி மூன்று மணி நேரம் நின்றேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் என் மிதப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மேலே ஓடுவது மழை. கீழே கிடப்பது கடல். நீ மழையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறாய்." மிதப்பைக் கழற்றினேன். சிறிய ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி இறாலைத் தரையோடு விட்டேன். இழுத்து எடுத்தபோது ஈயம் கையில் பிசுபிசுத்தது. மேலே மூன்று, நான்கு அடிக்குக் கலங்கல் நன்னீர். அதற்குக் கீழே தெளிந்த உப்புநீர். உப்புநீர் கனமானது என்பதால் கடல் ஏறும் ஏற்றத்தின்போது அது நன்னீருக்கு அடியில் நாக்கு நீட்டியபடி ஆற்றுக்குள் நுழைகிறது. கொடுவா அந்த நாக்கில்தான் கிடந்தது. அன்று இரண்டு சிக்கின.

எனவே நடுத்தரமான மழையில் இரையை இறக்குங்கள். அதோடு முகத்துவாரப் பக்கம் நடந்து, நிறம் மாறும் கோட்டைத் தேடுங்கள். செம்மண் நிறமும் பச்சையும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நுரையும் குப்பையும் வரிசையாக நிற்கும். வெள்ளத்தில் மிதந்து வந்த ஆகாயத்தாமரையும் அங்கேதான் தேங்கும். கோட்டின் பச்சைப் பக்கத்தில் இரையைப் போட்டு, அது கலங்கலின் ஓரத்தை ஒட்டிப் போகும்படி விடுங்கள்.

பெருவெள்ளம் என்றால் கதை வேறு. ஆற்றின் அடிவரை உப்பு துடைத்துக்கொண்டு போய்விடும். அப்போது பெரிய ஆற்றில் நிற்பது வீண். உப்பனாறு போலக் கடலுக்கு இணையாக ஓடும் நீர்வழிகளிலும், கிளைக் கால்வாய்களின் வாயிலும், வெள்ளத்தின் நேரடி வேகம் படாத மூலைகளிலும் முயன்று பாருங்கள். அங்கும் இல்லை என்றால் மழை விட்டு மூன்று நான்கு நாள் பொறுக்க வேண்டும். நீர் வடியத் தொடங்கி, நிறம் பழுப்பிலிருந்து பச்சைக்குத் திரும்பும் அந்த நாட்களைப் போல நல்ல நாட்கள் ஆண்டு முழுவதும் வராது.

பொறுக்க முடியாதவர்கள் ஆற்றை விட்டு வயல் வாய்க்காலுக்குப் போகலாம். முதல் பெருமழையில் பனையேறிக் கெண்டை ஓடும் நீரை எதிர்த்து ஏறும். ஈரத் தரையில் செவுள்மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். காற்றையும் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. மதகுக்குக் கீழே மண்புழுவும் சிறிய தூண்டில் முள்ளும் போதும். ஆங்கிலத்தில் இது 'கிளைம்பிங் பெர்ச்'; பெயரிலும் குணத்திலும் பெர்ச் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட அருகில் வேறு மீன் இல்லை.

காலையில் கடித்தது, பிறகு அடியோடு நின்றுவிட்டது

இரை கெட்டுவிடவில்லை, நீரோட்டம் நின்றுவிட்டது. நம் கடலில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அவை சுமார் இரண்டு நாழிகை, அதாவது 50 நிமிடம், தள்ளிப்போகும். அதனால்தான் நேற்று ஆறு மணிக்குக் கிடைத்த கடி இன்று ஏழுக்கு அருகில் வருகிறது. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் நம் கரையில் குறைவு, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். ஆகவே கொஞ்ச ஓட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் பலமாக இருக்கும். அஷ்டமி, நவமியில் நீர் மந்தமாகக் கிடக்கும். நான் விடுப்பு எடுப்பதே காலண்டரில் திதியைப் பார்த்துத்தான். வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம் வாய்க்கால் வாயில் நிற்பது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது: உள்ளே ஏறிய இறால் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கடலில் வற்றம் தொடங்கியவுடன் ஆற்றுக்குள் தொடங்கிவிடாது. முகத்துவாரத்திலிருந்து மேலே போகப் போக நேரம் பின்தங்கும். பாலத் தூணில் நீர் நின்ற தடத்தைப் பாருங்கள். ஈரமான பட்டை அகலமாகிக்கொண்டே போனால் வற்றம்.

இரை மட்டும் காணாமல் போகிறது, முள் வெறுமையாக வருகிறது

திருடன் யார் என்பதை மிச்சத்தைப் பார்த்துச் சொல்லலாம். இறாலின் தலை மட்டும் முள்ளில் இருந்து, உடலில் பிறை வடிவில் சுத்தமான வெட்டு இருந்தால் அது பேத்தை மீன். அதன் பற்கள் கிளியின் அலகு போல ஒட்டிப் பிறந்தவை. மெல்லிய தூண்டில் நரம்பையும் சேர்த்து வெட்டிவிடும். இடம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. தப்பித் தவறிச் சிக்கினால் எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள், அதன் நஞ்சு சூட்டில் அழிவதில்லை.

இரை நாராகக் கிழிந்து வந்தால் நண்டு. இரையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துங்கள். மெதுவாக இழுத்துக்கொண்டே போய் முள்ளோடு விழுங்கியிருந்தால் கெளுத்தி. அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் கடுக்கும். பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் குத்திய இடத்தை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

செத்த இறாலைத் தரையில் கிடக்கவிட்டால் இந்த மூன்றும்தான் வரும். கொடுவாவுக்கு உயிருள்ள இரை வேண்டும்.

வாளியிலேயே இரை செத்துவிடுகிறது

வாளியில் இருக்கும் நீரை ஒரேயடியாக வேறு நீராக மாற்றினால் இறால் தாங்காது. உப்புநீரில் பிடித்ததை மழைநீரில் கொட்டாதீர்கள். இரை பிடித்த இடத்து நீரையே எடுத்துவாருங்கள், வெயில் படாமல் ஈரத்துணி போட்டு மூடுங்கள், பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுக் குழாயைப் போடுங்கள். ஒரு வாளியில் இருபது இறால் போதும். முள்ளைக் குத்தும்போது தலைக் கொம்பின் அடியில், கண்ணுக்குப் பின்னால் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் குத்த வேண்டும். புள்ளியில் பட்டால் அந்த நொடியே சாகும். வால் பக்கம் கடைசிக் கணுவுக்கு முந்தியதில் குத்தினாலும் நன்றாக நீந்தும். இறாலுக்குப் பதில் மடவை மீன் குஞ்சு என்றால் மேலுதட்டில் குத்துங்கள்.

சத்தம் கேட்கிறது, ஆனால் தூண்டிலைத் தொடவில்லை

முதலில் எந்தச் சத்தம் என்று கேளுங்கள். முழு உடலோடு எழுந்து தட்டையாக விழும் சத்தம் மடவையுடையது. அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கொடுவா சாப்பிடும் சத்தம் வேறு: பானைக்குள் உள்ளங்கையால் அடித்ததுபோல ஒரு கனத்த 'டொப்'. வாயை ஒரே நொடியில் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும்போது எழுவது அது. ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்தச் சத்தம் கேட்டும் கடி இல்லை என்றால், அது தின்றுகொண்டிருப்பதைவிட உங்கள் இரை பெரிதாக இருக்கிறது. சுண்டுவிரல் நீள இறாலைத் தின்னும் கூட்டத்துக்கு நடுவே ஒரு சாண் மடவையைப் போட்டால் பயன் இருக்காது. சிறிய இறால் ஒன்றை ஈயமே இல்லாமல் குத்தி, ஓட்டத்துக்கு மேலே போட்டு, அது தானாக மிதந்து வரும்படி விடுங்கள். செயற்கை இரை பயன்படுத்துகிறவர்கள் விரல் நீளத்துக்கு இறங்கி, இப்போது இழுக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

இரவில் பாலத்து விளக்கு ஆற்றில் ஒளியும் நிழலுமாக ஒரு கோடு போட்டிருக்கும். கொடுவா நிழலுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரை வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போக வேண்டும். டார்ச்சை நீரில் அடிக்காதீர்கள். அடித்தால் நெருப்புத் துண்டு போலச் சிவந்த இரண்டு கண்கள் தெரியும். அந்த மீன் அதற்குப் பிறகு அங்கே நிற்காது.

கடித்தது, வெட்டி இழுத்தேன், மாட்டவில்லை

வட்ட முள் வைத்திருந்தால் வெட்டி இழுக்கவே கூடாது. அது வாயின் ஓரத்தில் தானாகத் திரும்பி ஏறும்படி வளைக்கப்பட்டது. நரம்பு நகர்வதைப் பார்த்து, கோலை மெதுவாகத் தூக்கி, கனம் ஏறும்வரை ரீலைச் சுற்றினால் போதும். நேர்முள் பயன்படுத்துகிறவர்கள் வெட்டி இழுக்கலாம். ஆனால் முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்தால் கூர்மை இருக்கிறது.

குதித்து முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது

கொடுவா முள் ஏறியதும் மேலே வந்து, வாயை அகலத் திறந்து, தலையை இருபுறமும் உதறும். அந்த நேரத்தில் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் முள் பறந்துவிடும். நரம்பு மேல்நோக்கிச் சாய்ந்து வருவதைப் பார்த்ததும் கோலின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். இழுவை இருந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் பிடுங்கக் கூடாது. வாயின் பக்கத்துச் சவ்வு மெல்லியது. முரட்டுத்தனமாக இழுத்தால் முள் ஏறிய துளை பெரிதாகிவிடும்.

நரம்பு அறுந்துவிட்டது

வருத்தத்தில் அறுந்த முனையை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விரலால் தடவுங்கள். நடந்தது என்ன என்று அந்த ஒரு அங்குலம் சொல்லிவிடும்.

முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் அறுந்தது நரம்பு அல்ல, முடிச்சு நழுவியிருக்கிறது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்காமல் இழுத்திருப்பீர்கள். உரசிய சூட்டில் நைலான் பலம் இழந்துவிடும். முடிச்சைப் புதிதாகப் போடுங்கள், ஐந்தாறு சுற்று கொடுங்கள்.

முனைக்கு மேலே ஒரு சாண் அளவுக்குச் சொரசொரப்பாக, பஞ்சு பிரிந்ததுபோல இருந்தால் உரசியிருக்கிறது. பாலத் தூண்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பிகளின் ஓடு கத்திபோன்றது. கொடுவாவுக்கு அது தெரியும் என்றே தோன்றும். முள் ஏறியதும் நேராகத் தூணுக்குத்தான் ஓடும். தூணுக்கு எதிர்ப்பக்கம் நின்று போடுங்கள், முதல் பத்து நொடியில் அதன் தலையைத் திருப்பிவிடுங்கள்.

முனை நேராக, கூராக வெட்டுப்பட்டிருந்தால் இரண்டு சந்தேகம். இரையோடு போயிருந்தால் பேத்தை. மீன் மாட்டி, கொஞ்சம் போராடி, பிறகு அறுந்திருந்தால் கொடுவாவின் செவுள்மூடி. அதன் பற்கள் அரம் போன்ற பொடிப்பற்கள், நரம்பை வெட்டாது. ஆனால் செவுள்மூடியின் ஓரம் பிளேடு. அதனால்தான் முள்ளுக்கு முன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 முதல் 60 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பு வேண்டும். கம்பி வேண்டாம், அது தெரிந்தால் மீன் விலகிவிடும்.

முனை இழுபட்டு மெலிந்து வெளுத்திருந்தால் ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை நரம்பில் கட்டிக் கோலால் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும்போது ரீல் மெல்ல நரம்பை விட வேண்டும். 20 பவுண்டு நரம்புக்கு இது சரியான அளவு. எழும்பியும் ரீல் அசையவில்லை என்றால் தளர்த்துங்கள்.

டிராக் விட்டு விட்டுப் பிடித்தால் உப்பு உறைந்திருக்கிறது. வீடு திரும்பியதும் ரீலை நல்ல நீரில் லேசாகக் கழுவி, நிழலில் காயவைத்து, டிராக் திருகைத் தளர்த்தி வையுங்கள். வேறு மருந்து தேவையில்லை.

கடி நன்றாக இருக்கிறது, ஆனால் நீர்மட்டம் ஏறுகிறது

ஏற்றம் என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். நீர் கடல் பக்கமாக ஓடிக்கொண்டே உயர்ந்தால் அது வெள்ளம். தென்பெண்ணையில் இது அதிக ஆபத்து, ஏனென்றால் மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை திறந்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு பொங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் வந்த வெள்ளம் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீர் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். கால் மணி நேரத்தில் நான்கு விரல் ஏறினால் கோலைச் சுருட்டுங்கள். இடி கேட்டால் அதுவும் வேண்டாம், கோலைத் தரையில் போட்டுவிட்டு நகருங்கள். கார்பன் கோல் மின்சாரம் கடத்தும்.

விட்ட மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது

எதை விடுவது என்பதில் என் வழக்கம் இது: முழங்கையிலிருந்து விரல் நுனி வரை எட்டாத கொடுவாவையும், மூன்று கிலோவைத் தாண்டியதையும் விட்டுவிடுகிறேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். சிறியது ஒருமுறைகூட இனம் பெருக்காதது. மிகப் பெரியது அநேகமாக முட்டையிடும் பெண். நடுவில் கிடைப்பது வீட்டுக்குப் போதும். உப்பனாற்றில் ரசாயன வாடை அடிக்கும் பகுதிகளில் பிடித்தது எந்த அளவாக இருந்தாலும் நான் சமைப்பதில்லை.

மீன் மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். உலர்ந்த கையால் பிடித்திருப்போம், சூடான கல்லில் போட்டிருப்போம், செவுளில் விரல் விட்டுப் படத்துக்குத் தொங்கவிட்டிருப்போம். கையை நனைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், பொடிப்பற்கள் உரசுமே தவிரக் கடிக்காது. மறு கை வயிற்றுக்கு அடியில் இருக்க வேண்டும். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயோடு ஒட்டி வெட்டிவிடுங்கள்.

மிதக்கும் மீனை ஓட்டத்துக்கு எதிர்முகமாக, நீருக்குள்ளேயே தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், ஓட்டமே செவுளுக்குள் நீரைக் கொண்டுபோகும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முதுகுத்துடுப்பின் முட்கள் ஒவ்வொன்றாக எழும், வால் மணிக்கட்டில் ஒருமுறை அடிக்கும். அப்போது கையை விரியுங்கள்.